இழுவை குறைந்த பழைய கார், கூடிப்போன சைலன்சர் சத்தம்: எங்கே தொடங்குவது?

பழைய காரை ஓட்டுகிறவர்களுக்கு இது ஒரு நாள் வந்தே தீரும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி முன்பு போல எகிறுவதில்லை. மூன்றாவது கியரிலேயே ஏறிய மேட்டுக்கு இப்போது இரண்டாவது கியர் போட வேண்டியிருக்கிறது. கூடவே அடியிலிருந்து ஒரு புதுச் சத்தம். உறுமலாக இருக்கலாம், டிக் டிக் என்று தட்டுவதாக இருக்கலாம், தகரம் அதிர்வது போலவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்து வந்தால் மனம் உடனே முடிச்சுப் போட்டுவிடும்: சைலன்சர் போய்விட்டது, அதனால்தான் பிக்கப் இல்லை.

பெரும்பாலும் இந்த முடிச்சு தவறானது. சைலன்சரில் ஓட்டை விழுந்தால் சத்தம் கூடும், உண்மைதான். ஆனால் அந்த ஓட்டையால் மட்டும் வண்டி சோர்ந்துபோவது அரிது. புகை வெளியேற வழி கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. புதுச் சைலன்சர் மாட்டிய பிறகும் வண்டி அப்படியே திணறினால், செலவும் போய் நம்பிக்கையும் போய்விடும். அதனால் சத்தத்தையும் சோர்வையும் முதலில் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். சத்தம் எங்கிருந்து வருகிறது? சோர்வு எப்போது வருகிறது? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகு, இரண்டையும் இணைக்கும் காரணம் ஒன்று உண்டா என்று பார்க்கலாம். இங்கே பேசுவது பெட்ரோல் காரைப் பற்றி. டீசலில் சில விஷயங்கள் மாறும்.

இன்ஜின் எப்படி மூச்சு விடுகிறது

இன்ஜினை ஒரு காற்றுப் பம்பு என்று நினைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கிறது, அழுத்துகிறது, எரிக்கிறது, எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அவ்வளவு காற்றுக்கு சுமார் 12 கன மீட்டர் இடம் தேவை. அத்தனையும் ஒரு ஃபில்டர் வழியாக உள்ளே போய், ஒரே ஒரு குழாய் வழியாக வெளியே வர வேண்டும். உள்ளே போகும் வழி அடைத்தாலும் இழுவை குறையும், வெளியே வரும் வழி அடைத்தாலும் குறையும். மூச்சை முழுதாக வெளியே விட முடியாதவரால் அடுத்த மூச்சை இழுக்கவும் முடியாது இல்லையா, அதே கதைதான்.

சத்தம் எப்படிப் பிறக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை புகையைத் தள்ளுகிறது. மொத்தம் நிமிடத்துக்கு 6000 தள்ளல்கள், அதாவது நொடிக்கு 100. ஒவ்வொன்றும் அழுத்தத்தோடு வெளியே குதிக்கும் சூடான புகை. நாம் கேட்கும் உறுமல் இந்த நூறு அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒலிப்பதுதான். இந்தப் புகை முதலில் மேனிஃபோல்டு என்ற கிளைக்குழாயில் ஒன்று சேர்கிறது. பிறகு முன்குழாய், நச்சுப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர், பின்குழாய், சைலன்சர், கடைசியில் வால்குழாய். முன்னால் இருக்கும் பகுதியில் அழுத்தமும் சூடும் அதிகம். பின்னால் போகப் போக இரண்டும் தணிகின்றன. அதனால் ஓட்டை எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்துச் சத்தத்தின் குணமே மாறும்.

முதலில் ஓர் எச்சரிக்கை

காருக்குள் புகை வாடை வந்தால் மற்ற ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. நாம் முகர்வது கூட வரும் மற்ற வாயுக்களை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்று தொடங்கி நினைவு தப்பும்வரை அது கொண்டுபோகும். கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்பது தீர்வு ஆகாது. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கவே கூடாது. வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, கீழே உறுதியான ஸ்டாண்டு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். ஓடி நின்ற வண்டியின் புகைக்குழாய் தோலை உடனே பொசுக்கிவிடும். அது நன்றாக ஆறட்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

காலையில் முதல் ஸ்டார்ட்தான் சோதனைக்குத் தங்கமான நேரம். இன்ஜின் இரவு முழுக்கக் குளிர்ந்திருக்கும். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று கேளுங்கள். இன்ஜின் பக்கமிருந்து வேகமான டிக் டிக் அல்லது புஸ் புஸ் என்று வந்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் அதுவும் வேகமெடுத்து, ஐந்து பத்து நிமிடத்தில் இன்ஜின் சூடானதும் குறைந்துவிட்டால், மேனிஃபோல்டு கேஸ்கெட் (இணைப்பில் இடைவெளியை அடைக்கும் தகடு) கசிகிறது அல்லது மேனிஃபோல்டிலேயே விரிசல் இருக்கிறது என்று பலமாகச் சந்தேகிக்கலாம். சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால்தான் சத்தம் அடங்குகிறது. பழைய வண்டியில் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் போல்ட் ஒன்றிரண்டு அறுந்து போயிருப்பதும் சகஜம்.

இதே டிக் டிக்கை வால்வை இயக்கும் டாப்பெட்டும் எழுப்பும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் எழுப்பும். வேறுபடுத்த ஒரு நல்ல வழி உண்டு. ஒரு மீட்டர் நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறு முனையை மெதுவாக மேனிஃபோல்டின் இணைப்புகளைச் சுற்றி நகர்த்துங்கள். சுழலும் பெல்ட்டிலும் ஃபேனிலும் கையும் குழாயும் படாமல் கவனமாக இருக்க வேண்டும். கசிவுக்கு நேரே வந்தவுடன் அந்தப் புஸ் ஒலி காதில் அறைந்தது போலக் கேட்கும். கண்ணுக்கும் சாட்சி உண்டு: கசியும் இடத்தில் கரிப்பொடி கோடு போட்டது போலப் படிந்திருக்கும். விரிசல் தெரியாத இடத்தில்கூட அந்தக் கறுப்புக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

அடியிலிருந்து கனமான உறுமல் வந்து, வேகம் எடுக்கும்போது அது பெருகினால், குழாயிலோ சைலன்சரிலோ ஓட்டை. நின்ற நிலையில் கேட்காமல், குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் காது அடைக்கும் முழக்கமாக வந்தால், குழாயைத் தொங்கவிடும் ரப்பர் மாட்டி அறுந்து குழாய் உடலில் இடிக்கிறதா என்று பாருங்கள். தகரம் அதிரும் சத்தம் பெரும்பாலும் வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்ததால் வருவது. ஒரு போல்ட்டோ ஒரு கிளாம்ப்போ போதும். இது சின்ன விஷயம். ஆனால் அதே மாதிரி கலகல ஒலி கன்வர்ட்டருக்கு உள்ளேயிருந்து வந்தால் அது சின்ன விஷயம் இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சின்னக் கசிவைக் கண்டுபிடிக்க, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, ஒரு மடித்த துணியால் வால்குழாயைச் சில நொடிகள் மட்டும் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே அழுத்தம் ஏறும்போது ஓட்டை எங்கிருந்தாலும் சீறும். எங்கும் கசிவு இல்லாத வண்டியில் துணியைத் தள்ளிக்கொண்டு புகை பீறிடும், அல்லது இன்ஜின் திணறி நிற்கப் பார்க்கும். சீறும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழ் கிளம்பும்.

சைலன்சர் ஏன் துருப்பிடிக்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் மழையையும் சேற்றையும் சொல்வார்கள். அதுவும் உண்டு. ஆனால் துரு உள்ளேயிருந்தும் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் குழாய் முழுக்கச் சூடாகி அந்த ஆவி அப்படியே வெளியே போய்விடும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் சூடாவதற்கு முன்பே பயணம் முடிந்துவிடும். உள்ளே ஆவி தண்ணீராகி, புகையின் அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு அடியில் தேங்கும். அதனால்தான் குறைவாக ஓடிய வண்டியின் சைலன்சர் முதலில் பொத்துப்போவது உண்டு. பல சைலன்சர்களில் அடியில் ஒரு சிறு துளையை உற்பத்தியாளரே போட்டிருப்பார், தண்ணீர் வடிய. அதை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிட வேண்டாம்.

சோர்வு இன்ஜினிலா, சக்கரத்திலா

வண்டி இழுக்கவில்லை என்றவுடன் எல்லோரும் பானெட்டைத் திறக்கிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய சில எளிய சோதனைகள் இருக்கின்றன. இன்ஜினுக்கு வலு இல்லையா, அல்லது வலு இருந்தும் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லையா, அல்லது போய்ச் சேர்ந்தும் ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறதா? சமதளத்தில் நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை விடுவித்துத் தள்ளிப் பாருங்கள். முன்பு எளிதாக உருண்ட வண்டி அடம்பிடித்தால், பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சிறிது தூரம் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு, நான்கு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் அதுதான் குற்றவாளி. டயர் காற்றும் பார்த்துவிடுங்கள்.

கிளட்ச் வழுக்கினால் அதன் அடையாளம் தனி. நான்காவது கியரில் மிதமான வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் இன்ஜின் இரைச்சல் சட்டென்று ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. சில நேரம் கருகிய வாடையும் வரும். இரைச்சல் கூடுவதால் இதையும் சைலன்சர் கோளாறு என்று தவறாக நினைக்க வாய்ப்புண்டு.

இன்னொன்று, கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். கேபிள் உள்ள பழைய வண்டியில் இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்க, மற்றவர் காற்றை உள்ளே விடும் த்ராட்டில் தகடு முழுக்கத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் தளர்ந்தோ, மிதியடி பெடலுக்கு அடியில் மடிந்தோ பாதிதான் திறக்கிறது என்றால், இருக்கும் வலுவில் ஒரு பகுதியை நாம் இன்ஜினிடம் கேட்கவே இல்லை.

இவையெல்லாம் சரி என்றால் இன்ஜினுக்கு வரலாம். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவவே இல்லை என்றால் மாற்றுங்கள். ஃபில்டர் பெட்டிக்குள் இலையும் எலி கொண்டுவந்த பஞ்சும் கிடப்பதும் உண்டு. சோர்வு எப்போது வருகிறது என்று கவனிப்பதும் இங்கே உதவும். மெதுவாக ஓட்டும்போது நன்றாக இருந்து, நீண்ட மேட்டிலோ அதிக வேகத்திலோ மட்டும் மூச்சு வாங்கினால், பெட்ரோல் போதுமான அளவு வராமல் இருக்கலாம், அதாவது ஃப்யூல் ஃபில்டர் அல்லது பம்பு. எல்லா நேரமும் குலுங்கிக் குலுங்கி ஓடினால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. கீழ் வேகத்தில் உயிரே இல்லாமல், ஸ்டார்ட் ஆகவும் அடம்பிடித்தால் வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட் ஒரு பல் தாவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஓட்டாமல் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது, ஏனென்றால் பல இன்ஜின்களில் அந்தப் பெல்ட் மேலும் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

இரண்டையும் கோக்கும் காரணங்கள்

சரி, சத்தமும் சோர்வும் உண்மையிலேயே ஒன்றோடொன்று தொடர்புடையவை என்றால், அது பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றாக இருக்கும். இந்த மூன்றையும் புரிந்துகொண்டால் பட்டறையில் சொல்வதைப் பாதிக்கு மேல் நாமே எடைபோட்டுப் பார்க்க முடியும்.

முதல் வழி, முன்பக்கக் கசிவு. மேனிஃபோல்டுக்கும் கன்வர்ட்டருக்கும் இடையில் ஓர் ஆக்ஸிஜன் சென்சார் செருகப்பட்டிருக்கும். 1976இல் வோல்வோ கார்களில் முதலில் வந்த கருவி இது. புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது என்று மோப்பம் பிடித்து, இன்ஜினை நடத்தும் கணினிக்குச் சொல்லும். கணினி அதை வைத்துப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். புகை ஒரே சீராக ஓடுவதில்லை என்று மேலே பார்த்தோம். ஒரு தள்ளலுக்கும் அடுத்த தள்ளலுக்கும் நடுவில் குழாய்க்குள் அழுத்தம் ஒரு கணம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். அந்தக் கணத்தில் விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். சென்சாருக்கு என்ன தெரியும்? ஆக்ஸிஜன் நிறைய இருக்கிறது, ஆகவே பெட்ரோல் போதவில்லை என்று சொல்லிவிடும். கணினியும் நம்பி பெட்ரோலைக் கூட்டும். விளைவு, தேவைக்கு மேல் பெட்ரோல், கறுத்த வால்குழாய், மைலேஜ் சரிவு, மந்தமான இழுவை. மயிர்க்கோடு அளவு விரிசல் இத்தனையும் செய்யும். அதே ஓட்டை எல்லா சென்சாருக்கும் பின்னால் இருந்தால் சத்தமும் புகை வாடையும் மட்டும்தான். எங்கே ஓட்டை என்ற கேள்வியை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

இரண்டாவது வழி, அடைப்பு. கன்வர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி ஒன்று இருக்கிறது. அதன் மெல்லிய துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். நச்சு வாயுக்களை அது தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது. அந்தத் துளைகள் உருகியோ உடைந்தோ அடைபட்டால் புகைக்கு வழி இல்லை. இப்படிப்பட்ட வண்டி ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது, ஓரளவு ஒழுங்காக ஓடும். வேகமெடுக்கச் சொன்னால் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. எவ்வளவு மிதித்தாலும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கும். உள்ளே ஏறும் அழுத்தம் வலுவிழந்த கேஸ்கெட்டைப் பொத்துக்கொண்டு வெளியே வரும்போது முன்பக்கம் சத்தமும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் சில வாரத்தில் அது மறுபடியும் போகும்.

அடைப்பைக் கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை, அளந்துவிடலாம். காற்றை உள்ளிழுக்கும் மேனிஃபோல்டில் (புகை மேனிஃபோல்டு அல்ல) வெற்றிட மீட்டர் மாட்டினால், நல்ல இன்ஜின் ஐடிலில் பொதுவாக 17 முதல் 21 அங்குல பாதரசம் காட்டும். இப்போது இன்ஜினை 2500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2500 சுற்று) பிடித்து வைத்துக்கொண்டு முள்ளைப் பாருங்கள். அது நிலையாக நின்றால் வழி திறந்திருக்கிறது. நின்ற இடத்திலிருந்து மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே போனால் பின்னால் அடைப்பு. இன்னும் நேரடியான சோதனையில், முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் அழுத்த மீட்டரைப் பொருத்துவார்கள். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் போனால் பெரும்பாலான வண்டிகளில் அது அடைப்பின் அறிகுறி. சென்சாரைக் கழற்றிய நிலையிலேயே வண்டிக்கு உயிர் திரும்பி வந்தது போல இருந்தால் அதுவும் ஒரு சாட்சிதான். குளிர்ந்த கன்வர்ட்டரை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டும்போது உள்ளே கலகல என்றால், பீங்கான் உடைந்து துண்டுகளாகக் கிடக்கிறது. உடைந்த துண்டு பின்னால் ஓடி சைலன்சரின் வாயை அடைத்திருக்கவும் கூடும். இரட்டைச் சுவர் கொண்ட குழாய்களில் உள்சுவர் மட்டும் மடங்கி அடைத்துக்கொள்வதும் நடக்கும். வெளியே பார்த்தால் குழாய் பழுதில்லாமல் இருக்கும். மீட்டர் இல்லாமல் கண்ணை மட்டும் நம்பினால் இதைப் பிடிக்கவே முடியாது.

மூன்றாவது வழி மிஸ்ஸிங். ஒரு சிலிண்டரில் பொறி சரியாக விழவில்லை என்றால் வால்குழாயில் சீரான ஓட்டம் உடைந்து, புப் புப் என்று இடறும். நான்கில் ஒன்று வேலை செய்யாததால் இழுவையில் பெரிய பங்கு போய்விடும். அதோடு நிற்பதில்லை. எரியாத பெட்ரோல் அப்படியே கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். கன்வர்ட்டர் வேலை செய்யும் இயல்பான சூடு ஏறக்குறைய 400 முதல் 800 டிகிரி செல்சியஸ். பச்சைப் பெட்ரோல் உள்ளே எரியும்போது அது எல்லை மீறி, பீங்கான் உருகும் அளவுக்கே போகும். ஆக, ஒரு பழைய பிளக்கோ, விரிசல் விட்ட இக்னிஷன் காயிலோ காரணமாக அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கன்வர்ட்டர் செத்துவிடும். கன்வர்ட்டரை மாற்றச் சொல்லும் யாரிடமும், இது ஏன் போனது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் புதியது மாட்டினால், அதுவும் அதே வழியில் போகும்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இன்ஜெக்ஷன் வண்டியில், ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் மின் இணைப்பாகக் கழற்றி மாட்டிப் பாருங்கள். நல்ல சிலிண்டரைக் கழற்றினால் இன்ஜின் உடனே தளரும். கழற்றியும் மாற்றம் எதுவும் இல்லையா, அந்தச் சிலிண்டர்தான் ஏற்கெனவே தூங்குகிறது. பழைய முறைப்படி பிளக் வயரைப் பிடுங்கிச் சோதிக்க வேண்டாம். ஷாக் அடிப்பது ஒரு பக்கம், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குப் போவது மறுபக்கம். இரவில் பானெட்டைத் திறந்து வைத்து, தெளிப்பானால் பிளக் வயர்கள் மீது லேசாகத் தண்ணீர்ப் பனி அடித்தால், கசியும் வயரில் நீலப் பொறி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கையைத் தூர வைத்துக்கொள்ளுங்கள்.

பிளக்கைக் கழற்றினால் அது சிலிண்டரின் உள்ளே நடப்பதை அப்படியே காட்டும். முனை இளம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நலம். உலர்ந்த கரி பூசியிருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கிறது. வெளுத்துக் கொப்பளித்தது போல இருந்தால் அதிகச் சூடு. நான்கையும் வரிசையாக, கழற்றிய சிலிண்டர் எண்ணோடு ஒரு தாளில் வையுங்கள். மூன்று ஒரு மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் இருந்தால் அங்கேதான் தேட வேண்டும்.

பிளக்கும் காயிலும் இன்ஜெக்டரும் சரியாக இருந்தும் அந்தச் சிலிண்டர் எழவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், அளக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். 15 சதவீதத்துக்கு மேல் ஒன்று பின்தங்கினால் கோளாறு. அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடியும் அளந்தால், எண் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ. புகையை வெளியே விடும் வால்வ் எரிந்து கெட்டுப்போனால், அது வால்குழாயில் இடறும் ஒலியையும் எழுப்பும், இழுவையையும் குறைக்கும். சைலன்சர் கடையில் இதற்கு மருந்து கிடையாது.

ஸ்கேனர் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்தும் ஓபிடி என்ற பொதுச் சோதனை முறை கட்டாயமானது. டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இணைப்பில் சிறு ஸ்கேனரை மாட்டினால் கோளாறு எண்களைப் படிக்கலாம். பி 0300 என்றால் பல சிலிண்டர்களில் மிஸ்ஸிங். பி 0301 என்றால் முதல் சிலிண்டரில். பி 0171 பெட்ரோல் போதவில்லை என்கிறது, பி 0172 அதிகம் என்கிறது. பி 0420 கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்கிறது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த எண் எந்த உதிரிப்பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. சென்சாருக்கு எது விசித்திரமாகத் தெரிந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. பி 0420 வந்தவுடன் கன்வர்ட்டரை மாற்றுகிறார்கள். ஆனால் முன்னால் இருக்கும் கசிவும், சோர்ந்துபோன சென்சாரும் அதே எண்ணை வரவழைக்கும். பி 0171ம் அப்படித்தான். விரிசல் வழியே வந்த காற்றைப் பார்த்து சென்சார் சொன்ன தவறான தகவலாக அது இருக்கலாம், இன்டேக் பக்கம் கிழிந்த வெற்றிடக் குழாயாகவும் இருக்கலாம். ஆகவே கசிவு இருக்கும் வண்டியில் முதலில் கசிவை அடைத்துவிடுங்கள். அதன் பிறகு வரும் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

இன்ஜின் விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டு விட்டு மின்னுவதற்கும் வித்தியாசம் உண்டு. மின்னினால், கன்வர்ட்டரைப் பாழாக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் நடக்கிறது என்று பொருள். ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்துங்கள், மெதுவாக ஓட்டியும் மின்னுவது நிற்கவில்லை என்றால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

இந்த வசதி இல்லாத கார்பரேட்டர் வண்டியில் புகையும் மூக்கும்தான் ஸ்கேனர். கறும்புகை என்றால் பெட்ரோல் அதிகம், குளிர்ந்த ஸ்டார்ட்டுக்காகக் காற்றைக் குறைக்கும் சோக் மாட்டிக்கொண்டதா என்று பாருங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெண்புகை தொடர்ந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. குளிர்ந்த காலையில் சில நிமிடம் வரும் வெள்ளை ஆவிக்குப் பயப்பட வேண்டாம், அது முன்பு சொன்ன தண்ணீர்தான்.

பட்டறைக்குப் போகும்போது

"வண்டி இழுக்கல, சத்தம் வருது" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் ஊகிக்கத் தொடங்குவார். "காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் பக்கம் டிக் டிக் கேட்கிறது, பத்து நிமிடத்தில் நிற்கிறது. நியூட்ரலில் ரேஸ் கொடுத்தாலும் 3000க்கு மேல் ஏற மறுக்கிறது. இரண்டாவது பிளக் மட்டும் கறுத்திருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். அவர் நேராக அந்த இடத்துக்குப் போவார். கவனித்ததை நாள், சூடு, வேகம், கியர் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் பட்டறையில் போய் நின்றவுடன் பல வண்டிகள் சத்தம் போட மறுத்துவிடும்.

வேலை முடிந்ததும் கோளாறு எண்களை அழித்துவிட்டுச் சில நாள் ஓட்டுங்கள். முன்பு திணறிய அதே மேட்டில், அதே கியரில் ஏறிப் பாருங்கள். மேனிஃபோல்டு கேஸ்கெட் மாற்றியிருந்தால் பல முறை சூடாகி ஆறிய பின் போல்ட்டுகள் சற்றுத் தளர்வதுண்டு. சொன்ன அளவு இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று சில வாரம் கழித்து, இன்ஜின் குளிர்ந்த நிலையில் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்த மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டில் பானெட் அருகே நின்று மறுபடியும் காது கொடுத்துக் கேளுங்கள்.